சோளக்காட்டு மாத்திரை

எங்கள் மலைப் பேருந்தில் எலுமிச்சம்பழத்துக்குத் தனி மரியாதை உண்டு. கையில் பழத்தோடு ஒருவர் ஏறினால், முன் இருக்கையில் இருப்பவர் கேட்காமலே எழுந்து பின்னால் போய்விடுவார். கண்டக்டர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. பழம் வைத்திருப்பவருக்கு வளைவில் வாந்தி வரும், எதிரே சாலை தெரிகிற இடம் அவருக்கு வேண்டும், அவ்வளவுதான். வாந்தியே வராத சிலர் பழத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஜம்மென்று முன்னால் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அந்த ஆட்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் அவர்கள் ஒருநாளும் வாந்தி மாத்திரை கேட்டதில்லை.

நான் கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற ஊரில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். பிறந்தது ராசிபுரம் பக்கம். மாற்றலாகி வந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச காலம் இருந்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். பிறகு கணவருக்கும் இங்கேயே பள்ளிக்கூட வேலை அமைந்தது. இறங்கவே இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு ஜென்ம விரோதிகள். இத்தனை வருஷத்தில் அதில் ஒன்றுகூட என்னோடு சமாதானத்துக்கு வரவில்லை. நானும் பழக்காரிதான், அசல் பழக்காரி.

செம்மேட்டிலிருந்து சோளக்காடு வரை சாலை அதிகம் படுத்தாது. சோளக்காட்டைத் தாண்டினால்தான் வளைவுகள் ஆரம்பம். அதனால் மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, பஸ் சோளக்காட்டில் நின்றதும் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குவார்கள். முன்கூட்டியே போட்டு, ஒருவேளை இன்றைக்கு வாந்தி வராமலே போய்விட்டால் மாத்திரை வீண் அல்லவா? ஆனால் அது உடம்பில் பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அது வயிற்றில் கரைந்து வேலைக்குக் கிளம்பும்போது பஸ் அடிவாரத்தில் காரவள்ளிக்கு வந்திருக்கும். அதற்கப்புறம் சாலை நேர். வளைவு முழுக்க வாந்தி எடுத்துவிட்டு நேர் ரோட்டில் சுகமாகத் தூங்கிக்கொண்டு போவார்கள். “நல்ல மாத்திரைங்க அம்மிணி, சேந்தமங்கலம் வந்ததும் கப்புன்னு நின்னுபோச்சுங்க” என்று என்னிடமே வந்து சர்டிபிகேட் கொடுப்பார்கள். இதற்கு நான் சோளக்காட்டு மாத்திரை என்று பெயர் வைத்திருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போடுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். “சரிங்க” என்று தலையை ஆட்டிவிட்டு, சோளக்காட்டில்தான் போடுவார்கள்.

என் ஒரே மகள் இந்த மலையில் வளர்ந்தவள். வாந்தி அவளுக்கு என்னிடமிருந்து வந்தது, மாத்திரைப் பழக்கம் மலையிடமிருந்து. மருந்தாளுநர் பெற்ற பிள்ளை, அவளும் சோளக்காட்டில்தான் போடுவாள். நான்கு வளைவு தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு என் மடியில் கவிழ்ந்துவிடுவாள். பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தாய்மார்களின் மடியில் கிடக்கும்.

இவள் சேலத்தில் ஓட்டல் படிப்புப் படித்து முடித்துவிட்டு, ஒருநாள் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். சரக்குக் கப்பல் இல்லை. வசதியானவர்கள் ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற உல்லாசக் கப்பல். அதில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலை. நான் முதலில் சிரித்துவிட்டேன். மலை இறங்க முடியாதவள் கடலில் போகிறாளாம்! அவள் சிரிக்கவில்லை என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவள் பெட்டியைக் கட்டினாள். நான் பேச்சை நிறுத்தினேன். சென்னை வரை அவள் அப்பாதான் கொண்டுபோய் விட்டார். “எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோபம்.

அதற்கப்புறம் அவள் போன் எல்லாம் அப்பாவுக்குத்தான். அவர் கூடத்தில் பேசும்போது நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். தண்ணீர் இல்லாமல் பாத்திரம் தேய்க்கிற ஒரே பெண்பிள்ளை இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன் என்று அவர் கேலி செய்வார்.

ஒரு மத்தியானம், புறநோயாளிகள் கூட்டம் கலைந்த நேரம், மருந்து ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த போன் அடித்தது. எங்கள் கட்டடத்தில் சிக்னல் கிடைப்பது அந்த ஜன்னலில் மட்டும்தான். பார்த்தால் மகள். அப்பாவுக்குப் போட வேண்டியதைக் கை தவறி எனக்குப் போட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

“அம்மா, முடியலம்மா” என்றாள். குரலே மாறிப்போயிருந்தது.

கப்பல் ஏறிய புதிதில் கடல் அமைதியாக இருந்திருக்கிறது. கரையை விட்டு வெகுதூரம் வந்ததும் ஆட ஆரம்பித்துவிட்டது. தின்றது எதுவும் தங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறது. இதில் பயணிகளுக்கும் வாந்தி. அவர்கள் அறையை இவள்தான் துடைக்க வேண்டும். துடைக்கும்போது இவளுக்கும் வரும். மேலே இருக்கிற அதிகாரிப் பெண்மணி கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். நான்கு நாளில் அடுத்த துறைமுகம் வருகிறது, அதற்குள் எழுந்து நின்று வேலை பார்க்க முடியவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டாராம். “அப்புடி எறக்கி உட்டா மறுபடி எந்தக் கப்பல்லயும் எடுக்க மாட்டாங்கம்மா.”

என் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. மறைப்பானேன்? நான்கே நாள். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, என் பிள்ளை தானாக மலைக்கு வந்துவிடும். “ஒடம்புதான் முக்கியம். வந்துரு சாமி” என்றேன். அவ்வளவு அன்பாக நான் அவளிடம் பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது.

“வந்துருன்னு சொல்றதுக்கு அப்பா இல்லையா? அவரக் கூப்புட்டா அழுதுட்டே வரச் சொல்லுவாரு. ஒன்னய எதுக்குக் கூப்புட்டேன்? எனக்கு இங்க இருக்கோணும்மா. எப்புடியாவது என்னய நிக்க வையி.”

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? தாய் கொஞ்சம் தள்ளி நின்றாள், மருந்தாளுநர் முன்னால் வந்தாள்.

“மாத்திரை குடுத்தாங்களா?”

“கப்பல் டாக்டரு குடுத்தாரு. கேக்கவே மாட்டேங்குது.”

“எப்பப் போடற?”

“கப்பல் ஆட ஆரம்பிச்சதும்.”

“அடிப்பாவி! நடுக்கடலுக்குப் போயும் சோளக்காட்டுலயே நிக்கறயேடி!”

அவள் சிரித்தாள். அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு. உடனே போனைக் கீழே வைத்துவிட்டு வாந்தி எடுக்கிற சத்தமும் கேட்டது.

திரும்ப வந்ததும் சொன்னேன். நம் மலையிலாவது சோளக்காடு வந்தால் வளைவு வரப்போகிறது என்று தெரியும், வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். கடலில் யார் பலகை வைப்பது? ஆடுமா ஆடாதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதே. டாக்டரிடம் போய், தூக்கம் அதிகம் வராத மாத்திரை இருக்கிறதா, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று கேள். கேட்டு, வேலைக்குப் போகிறதுக்கு முன்பே போடு. துறைமுகத்தில் நின்றால், கப்பல் கிளம்புகிறதுக்கு முன்பே போடு. வாந்தி வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியேதான் வரும்.

ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில், கண்ணை மூடிக் கவிழ்ந்து படுத்திருக்கிறாளாம். என் மடிதான் அங்கே இல்லை, மற்றதெல்லாம் அதேதான். காதுக்குள் இருக்கிற நிதானம், கப்பல் ஆடுகிறது என்கிறது; கண்ணைத் திறந்தால் அது, சுவர் சும்மாதான் நிற்கிறது என்கிறது. இரண்டுக்கும் சண்டை, அடி வாங்குவது வயிறு. “பழக்காரங்க எதுக்கு முன் சீட்டுல குந்தறாங்க? ரோட்டப் பாக்கத்தான? எந்திரிச்சு மேல போ. கப்பலுக்கு நடுவுல, ஆட்டம் கம்மியா இருக்கற எடமாப் பாத்து நில்லு. தண்ணியும் வானமும் சேர்ற கோட்டயே பாரு. போனப் பாக்காத.”

வாய்க் கசப்புக்கு ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத் தூக்கி எறியச் சொன்னேன். கப்பல் ஆட்களுக்கென்று காய்ந்த ரொட்டியும் பச்சை ஆப்பிளும் வைத்திருப்பார்களாம். அதை ஒவ்வொரு கடியாக, வயிறு காலியாகாமல் தின்னச் சொன்னேன். தண்ணீரை மடக்கென்று குடிக்காமல் வாய் நனைய நனைய குடிக்கச் சொன்னேன். நாற்றத்துக்கு, முகக்கவசத்தின் ஓரத்தில் கொஞ்சம் தைலம். தண்ணீர்கூட தங்காமல், சிறுநீரும் போகாமல் இருந்தால் டாக்டரிடம் ஊசிக்குப் போய்விட வேண்டும், அதில் வீம்பு கூடாது. எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டினாள். வீட்டில் இருந்தவரை நான் சொன்ன எதற்கும் அவள் இப்படி “ம்” கொட்டியதில்லை.

இந்த விஷயம் எப்படித்தான் வெளியே போனதோ, அடுத்த நாள் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: “ஏனுங்க, கப்பல்ல டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல எடம் கேட்டா தர மாட்டாங்களாங்க?” ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு வந்த ஓர் அம்மா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். மிளகும் பனைவெல்லமும் சேர்த்து இடித்தது. கடலுக்குக் கூரியர் போகுமா என்று கேட்டார். போகாது என்றதும், “அப்ப நீங்களாவது சாப்புடுங்க, நீங்கதான் பாவம் வாடிப்போயிட்டீங்க” என்று என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

முதல் நாள் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள், ஒரு துண்டு ரொட்டி வயிற்றில் தங்கியது என்று மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் பரீட்சையில் பாஸான நாட்களில்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மூன்றாம் நாள் போன் வரவில்லை. காலையில், அங்கே காற்று பலம் என்று இரண்டே வார்த்தை அவள் அப்பாவுக்குச் செய்தி வந்திருந்தது. அன்றைக்கு முழுக்க ஜன்னலைவிட்டு நான் நகரவில்லை. எங்கள் மலைச் சாமி அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுகிறோம் என்று பாதியில்தான் எனக்கே உறைத்தது. அவள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அல்ல, நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று குதித்த வேலைக்கு, நானே சாமியிடம் சிபாரிசுக்குப் போயிருந்தேன்.

துறைமுகம் வந்த அன்று கூப்பிட்டாள். பின்னால் வண்டிச் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன.

“அம்மா, தரையில நிக்கறேன். ஆனா தரையே ஆடுதும்மா.”

“அது கப்பல் பழகுன காலு. கொஞ்ச நேரத்துல செரியாயிரும். எறக்கி உட்டுட்டாங்களா கண்ணு?”

“இல்லம்மா. சும்மா நடந்து பாத்துட்டு வரச் சொன்னாங்க. நேத்து அவ்வளவு காத்துலயும் என்னோட ரூமு எல்லாத்தையும் நானே முடிச்சுட்டேன். நான் எறங்கல.”

போனை வைத்துவிட்டு மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் முழுக்கச் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் மத்தியானத்தில் கூப்பிடுவாள். “மாத்திரை போட்டியா?” “போட்டேம்மா.” “முன்னாலயே போட்டியா?” “முன்னாலயே போட்டேம்மா.” “ரொட்டி?” “தின்னேன்.” அவ்வளவுதான், வைத்துவிடுவோம். சாயங்காலம் அப்பாவிடம் பேசும்போது எந்தெந்த ஊர் பார்த்தாள், யார் என்ன சொன்னார்கள் என்று மணிக்கணக்கில் கதை ஓடும். எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவள் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன், ஊர்க்கதையை அவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தேன். பலாப்பழக் காலம் வந்து போனது. மிளகு பறிக்கக் கொடிகளில் ஏணி சாத்த ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம், வழக்கம்போல மாத்திரை போட்டேன் என்று அவள் சொன்னதும், எனக்குள் இருக்கிற மருந்தாளுநர் கணக்குப் போட்டாள். அவள் கொண்டுபோனதும் டாக்டர் கொடுத்ததும் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

“மாத்திரை தீந்திருக்குமே? புதுசு வாங்குனியா?”

“அம்மா, திட்டாத. அத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இப்பெல்லாம் எனக்கு ஒண்ணும் பண்றதில்ல.”

“பின்ன எதுக்குடி போட்டேன் போட்டேன்னு சொன்ன?”

“நீ எங்கிட்டக் கேக்கறது அது ஒண்ணுதானம்மா. நிறுத்திட்டேன்னு சொன்னா, அதுக்கப்புறம் எங்கூட என்ன பேசுவ?”

ஜன்னலில் ஒருவர் சீட்டை நீட்டினார். கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டினேன். வேலை நேரத்தில் நான் யாரையும் அப்படி நிறுத்துகிறவள் அல்ல.

“இன்னிக்கு என்ன வேல பாத்த கண்ணு? காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லு” என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“நெசமாவே கேக்கறயாம்மா?” என்றாள்.