கிடைக்கவில்லை என்று சொன்ன மட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடற்கரை நகரம் ஒன்றில் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். ஆலைக் கழிவு ஆற்றோடு வந்து கடலில் கலக்கிற கழிமுகத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கி, சதையைக் காயவைத்துப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது வேலை. சனிக்கிழமையானால் ராஜபாளையத்துக்கு, வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அடுத்த வீட்டு அக்கா அந்தக் கழிமுகத்துக் குப்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி அள்ளிப் பிழைப்பவர். அக்கா முழுகாமல் இருந்தபோது வேறெதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. "எங்கம்மாட்ட ஒரு சட்டி மட்டி வாங்கிட்டு வாரியா தம்பி?" என்றாள். ஈரச் சாக்கில் சுற்றி வாராவாரம் கொண்டுவந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறுவேன். புரட்டாசியில் அந்த ஊரை ஒட்டிய சின்ன மலையான திருவண்ணாமலைப் பெருமாளுக்கு விரதம் இருக்கிறவர்கள் முறைக்கிற முறைப்பில் மட்டி பஸ்ஸிலேயே வெந்துவிடும். எனக்கு அதிலும் ஒரு பெருமை.

பிறகு முடிவுகள் வந்தன. அந்தக் கழிமுகத்து மட்டியில் ஈயம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. அறிக்கை மேலே போகும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்றார் அதிகாரி. அறிக்கை அவர் மேசையை விட்டு நகரவே இல்லை. என் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை.

"மட்டி கிடைக்கலக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். அவ்வளவுதான். இனி அவள் தின்னமாட்டாள், அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் அம்மாவைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகினேன். கோழைத்தனம்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறு வருஷம் என் மனைவி முழுகாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா ஒரு கிண்ணத்துடன் வந்தாள்.

"எங்கம்மா வந்திருக்காக. மட்டி கெடைக்கலன்னு தம்பி சொல்லுச்சு, அங்க குமிஞ்சுல்லா கெடக்காம். தின்னு தாயி. மாசமா இருக்கையில எனக்கு எம்புட்டு ஆசையா இருந்துச்சு தெரியுமா?"

என் மனைவி சோற்றில் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தாள். பாய்ந்து தட்டிவிட்டேன். கிண்ணம் கவிழ்ந்து குழம்பு தரையில் ஓடியது.

"அதுல ஈயம் இருக்கு. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று கத்தினேன்.

அக்கா தரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும் தம்பி?"

நான் குனிந்து, கவிழ்ந்த கிண்ணத்தை எடுத்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"அங்க வீட்டுல எங்கம்மா சாப்பிட்டுக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.