வெந்நீர் குடித்த கள்ளி

என் மனைவி மலைக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஓர் ஓலைப்பெட்டியும் கொண்டுவந்தாள். போடி மெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் பார்க்கிற வேலை. கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டிரங்குப் பெட்டியில் சேலைகள். ஓலைப்பெட்டியில் என்ன என்று கைவிட்டுப் பார்த்தேன். அன்று சாயங்காலம் முழுவதும் அவள் விளக்கடியில் உட்கார்ந்து என் விரலிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்தவை இரண்டு சப்பாத்திக்கள்ளி மட்டைகள். வடுகபட்டியில் அவள் அப்பாவின் வெங்காயத் தோட்டத்து வேலியில் ஒடித்தவை. கள்ளியைத் தின்கிற பூச்சி கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பரவிய காலம் அது. மட்டைகளில் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும்; நசுக்கினால் ரத்தமாய்ச் சிவக்கும். வேலி வேலியாகக் கள்ளி செத்துக்கொண்டிருந்தது. கள்ளிப்பழம் தின்று நாக்குச் சிவக்க வளர்ந்த பெண், பூச்சி ஏறாத இரண்டு மட்டைகளைச் சீதனம்போலக் கொண்டுவந்துவிட்டாள்.

முள்ளுள்ள செடி வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் வந்த வாரமே புதுப் பெண்டாட்டியிடம் ‘ஆகாது’ என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு மட்டைக்குத் திருநீறு பூசி, முருகனை நினைத்து, வாசலில் துளசிக்கு நாலு முழம் தள்ளி நட்டேன். இன்னொன்று வழியில் நசுங்கிவிட்டது, கொல்லையில் எறிந்துவிட்டேன் என்றாள். நானும் நம்பினேன்.

கார்த்திகை பிறந்ததும் குளிர் ஏறியது. தேங்காயெண்ணெய் கல்லாய் உறைந்தது. இட்லிக்கு அரைத்து வைத்த மாவு மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பை விட்டு நகராமல் இருந்தாள். மாவு புளிக்காததற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் என்னைப் பார்ப்பாள். ஒருநாள் சட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“மாவுக்கே இங்கன பிடிக்கல. அந்தக் கள்ளி இந்தக் குளிரைத் தாண்டுச்சுன்னா நானும் இருக்கேன். செத்துப்போச்சுன்னா என்னைய வடுகபட்டியில கொண்டுபோய் விட்டுருங்க. இது பேச்சு.”

சிரிக்காமல் சொன்னாள். அன்றிலிருந்து என் குடித்தனம் ஒரு கள்ளி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எட்டாவது வரைதான் படித்தவன் நான். செடியைப் பற்றி என்ன தெரியும்? சாமி கும்பிடத் தெரியும். மார்கழி முழுக்க விடியுமுன் எழுந்து, வெந்நீரில் குளித்து, வேலுக்கு அபிஷேகம் பண்ணுவேன். மனிதனுக்கே வெந்நீர் வேண்டியிருக்கிறதே, வெயிலில் பிறந்த இந்தச் சீவனுக்கு வேண்டாமா? அபிஷேகத் தண்ணீரோடு இதமான வெந்நீரும் கலந்து தினம் ஒரு செம்பு ஊற்றினேன். பிறகு தோட்டத்தில் எனக்குக் கொடுத்த கம்பளியை மடித்து அதற்குப் போர்த்திவிட்டு, நான் வெறும் துண்டோடு நடுங்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவேன். மட்டை நன்றாகக் கொழுத்துப் பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். அவரும் கீழே எங்கள் பள்ளத்தாக்குக்காரர்தான்; வேதக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர். காலையில் பீடியோடு வந்து வேலியில் சாய்ந்துகொள்வார்.

“எனக்கு ஒரு சந்தேகம். சாமிக்கு ஊத்துன மிச்சத்தைக் கள்ளிக்கு ஊத்துறீகளா, கள்ளிக்கு ஊத்துன மிச்சத்தைச் சாமிக்கு ஊத்துறீகளா?”

செடிக்குக் காய்ச்சல் கண்டால் சொல்லியனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் கிடக்கிறது. கம்பளியைத் தூக்கினேன். பளபளத்த மட்டை வேகவைத்த கத்தரிக்காய்போல் நிறம் மாறித் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் விரல் உள்ளே போயிற்று. குடித்த தண்ணீரெல்லாம் உள்ளேயே உறைந்து வெடித்திருக்க வேண்டும்.

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு குச்சி ஊன்றி, மட்டையை வாழைநாரால் நிமிர்த்திக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்தினேன். குளிர் அதிகம், திறக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். தினமும் காலையில் செம்போடு போய் அந்தப் பிணத்துக்கு ஒரு செம்பு ஊற்றிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் போனது. தைப்பூசம் வந்தது. ஒரு வாய் சாப்பிடாமல் வேலின் முன்னால் உட்கார்ந்தால் கண்ணை மூட முடியவில்லை. வயிறு காலி, நெஞ்சு நிறையப் பொய். இப்படி ஒரு விரதத்தை முருகன் ஏற்பானா? எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கள்ளி போய்விட்டது, உன் பேச்சுப்படி எப்போது கிளம்பலாம் சொல், கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தெரியும். நாலு நாளா நாறுது.”

கையைக் கழுவிவிட்டு என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். அடுப்படிச் சுவரோரம், புகைக்கூண்டுக்குக் கீழே, ஒரு பழைய தகரம் சாய்த்திருந்தது. அதன் அடியில் உடைந்த செங்கலும் சாம்பலும் கொட்டிய மேட்டில் ஒரு மட்டை. நசுங்கிப்போனதாகச் சொன்ன அந்த இரண்டாவது மட்டைதான். ஆனால் சுருங்கி, வற்றி, அப்பளம்போல் தரையோடு படுத்துக் கிடந்தது. இதுவும் செத்துவிட்டதே என்றேன்.

“சாகல. எங்க அய்யா வேலியில கோடைக்கு இப்படித்தான் படுத்துக்கிடக்கும், அப்புறம் எந்திரிக்கும். கார்த்திகையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. நீங்க மட்டுந்தான் விரதம் இருப்பீகளா? அதுவும் இருக்கட்டும்.”

போகிறவள் எதற்காக இன்னொன்றை ஒளித்து வளர்க்க வேண்டும்? அது எழுந்திருக்காவிட்டால் என்ன என்று மட்டும் கேட்டேன்.

“பேச்சு பேச்சுதான்” என்று சொல்லிவிட்டுப் புளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

பங்குனிக் கடைசியில் என் மைத்துனன் வந்தான். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்கு அக்காளைக் கூட்டிப்போகத் தாயார் அனுப்பியிருந்தார். போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்குச் சோறு போட்டுவிட்டு அவள் கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மட்டை அரைச்சாண் எழும்பி, கொஞ்சம் சரிந்து நின்றது. அதன் உச்சியில் விரல் நுனி அளவுக்குப் பச்சையாக ஒரு குருத்து.

உள்ளே வந்து தம்பியிடம் சொன்னாள்:

“ஏலே, நீ முன்னால போ. சித்திரையில நாங்க ரெண்டு பேரும் வாறோம்னு ஆத்தாகிட்டச் சொல்லு.”

அந்தக் கள்ளி அங்கே மூன்றாம் வருஷம் மஞ்சளாகப் பூத்தது. பழம் பழுக்க அந்தக் குளிர் விடவில்லை. அந்தக் குறை அவளுக்கு உண்டு. கம்பவுண்டர் பூவைப் பார்க்க வந்தார். நானும் எழுந்தேன். அவள் என்னை வழிமறித்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்லி, செம்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொல்லைக்கு விட்டாள்.