எலுமிச்சம்பழத்தை நம்பி நிறுத்திய டிப்பர்

வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல் கிரஷரில் இருபது வருடம் டிப்பர் ஓட்டியவன் நான். இப்போது புது டிரைவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். அதற்கு இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் வண்டி என் முதலாளியைத் துரத்தியிருக்கிறது. அந்தத் தகுதிதான்.

அன்று ஆயுத பூஜை. மற்ற டிப்பர்கள் சமதளத்தில் வரிசையாக நின்றன. என் பத்து வீல் வண்டி மட்டும் போட்டோவில் தனியாகத் தெரிய வேண்டுமென்று, அலுவலகத்துக்கு முன்னால் இறங்கும் சரிவில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஏர் பிரேக் வண்டி. பார்க்கிங் பிரேக் லீவரை இழுத்தால் 'புஸ்' என்று காற்று வெளியேறி, பின் சக்கரங்களை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். ஆனால் லீவர் கடைசிவரை வந்து, அதன் பள்ளத்தில் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் தானாகத் திரும்பிவிடும்; பிரேக்கும் விட்டுவிடும்.

எனக்கு 'புஸ்' கேட்டது. 'டக்' கேட்கவில்லை. லீவரைச் சுற்றி நானே பக்தியோடு இரண்டு முழம் கதம்பம் கட்டியிருந்தேன். அப்புறம் லீவர் எங்கே உட்காரும்?

பூஜை முடிந்ததும் சட்டென்று நகர்த்த வசதியாகக் கியரை நியூட்ரலில் விட்டேன். அடுத்து வந்தது என் வாழ்நாள் சாதனை. முன் சக்கரங்களுக்கு வைத்திருந்த கட்டைகளை உருவிவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

ஃபிட்டர் ரொசாரி பார்த்துவிட்டார். புன்னக்காயல்காரர்.

"என்னவே இது? எங்க ஊர்ல தோணிய நிறுத்தணும்னா நங்கூரம் போடுவோம். நீரு எலுமிச்சம்பழம் போடுதீரு?"

"பிரேக் போட்டிருக்கேன்வே. சாமி காரியத்துல கரைச்சல் பண்ணாதேயும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

முதலாளி அண்ணாச்சி பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, வண்டிக்கு முன்னால் நின்று சுற்றினார். நான் பக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கேபினுக்குள் பூ நசுங்கி, லீவர் பைய நழுவிக்கொண்டிருந்தது.

'சதக்' என்று பழம் நசுங்கியது.

"ஏலே சுடலை! காய இன்னும் உடைக்கவே இல்ல, அதுக்குள்ள எதுக்குலே வண்டிய எடுக்கே?"

"நான் இங்கன நிக்கேன் அண்ணாச்சி."

"அப்ப உள்ள யாருலே?"

"யாரும் இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி ஓடினார். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் ஒரே எட்டில் பிழைத்திருப்பார். அவரோ நேராக, சரிவில், வண்டிக்கு வழிகாட்டுவதுபோல் ஓடினார். சுற்றி முடிக்காத பூசணிக்காயைக் கீழே போடவும் மனம் வரவில்லை. எதிரே எடைமேடை அறையின் சுவர். எல்லோரும் "ஒதுங்கும் அண்ணாச்சி, ஒதுங்கும்!" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. நான் பிரேக் போடக் கேபினுக்குப் பாய்ந்தேன். கதவு பூட்டியிருந்தது. சாவி பூஜைத் தட்டில், குங்குமப் பொட்டோடு இருந்தது.

ரொசாரி ஓரத்திலிருந்தே ஒரு கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வீசினார். அது துள்ளிப் போயிற்று. இரண்டாவது பிடித்தது. வண்டி குலுங்கி நின்றபோது, சுவரில் முதுகை ஒட்டி நின்ற அண்ணாச்சிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

மூச்சு வந்ததும் அவர் வெளியே வந்து, பூசணிக்காயை என் காலடியில் போட்டு உடைத்தார்.

"எனக்குப் பிடிச்ச திருஷ்டியே நீதாம்லே! அடுத்த வருசம் முன்னால நின்னு நீ சுத்து. நான் ஓரமா நிக்கேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த வருடம் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினேன். லீவர் 'டக்' என்று உட்கார்ந்ததைக் கேட்டு, ஆட்டியும் பார்த்தேன். இஞ்சினை அணைத்துக் கியரில் போட்டேன். கட்டைகளை வைத்து உதைத்துப் பார்த்தேன். பழத்தைக் கட்டைக்கு முன்னால் வைத்தேன். பூசணிக்காயைக் கையில் வாங்கிய பிறகும் நான்கு தடவை குனிந்து பார்த்தேன்.

"போன வருசம் ஒரு தடவையாவது குனிஞ்சீராவே?" என்றார் ரொசாரி.

குனியவில்லை. அப்போது முன்னால் நின்றது வேறு ஆள்.

இப்போது என் வகுப்பில் முதல் பாடம் இதுதான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவனிடம், "அதுக்கு முன்னால போய் நில்லும்வே" என்பேன். பாதிப் பேர், "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று கேபினுக்கு ஓடுகிறார்கள்.