என் ஓட்டை நானே போட்ட காலை

என் ஓட்டை ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று வாக்குச்சாவடி அதிகாரி சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இப்போதுதானே பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், அதற்குள் எப்படி? நாசரேத்தில் என் அக்காவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. அவளுக்குத் துணையாக ஒரு மாதமாக அங்கேதான் இருந்தேன். ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காகவே அவளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கூட்டத்தில் நசுங்கித் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் என் பெயருக்கு நேரே யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் விரலை அதிகாரியின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இதுல எங்கயாவது மை இருக்கா? நல்லாப் பாருங்க!"

பாவம், அவர் மிரண்டு போனார். அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் ஒரு ஓட்டுச்சீட்டைக் கொடுத்து முத்திரை குத்தச் சொல்லி, அதை ஓர் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டார். கோர்ட்டு கேட்டாலொழிய அந்த உறையை யாரும் பிரிக்கவே மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கட்சி ஏஜென்ட்டுகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. எங்கள் கட்சிக்காக உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, என் கொழுந்தன். எதிர்க்கட்சிக்காரன் என் ஓட்டைத் திருடும்போது இவன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அதை அவனிடமே கேட்டேன்.

"கூட்டத்துல கவனிக்கல மதினி. ஒரு ஓட்டுதான, விடுங்க. இங்கன நின்னு சத்தம் போடாதீய."

ஒரு ஓட்டுதானாம். எனக்கு இருப்பதே அந்த ஒன்றுதானே!

நான் பிறந்தது ஆற்றங்கரை வயல்காரக் குடும்பத்தில். அங்கே எல்லாருக்கும் இந்தக் கட்சிச் சின்னம்தான். வாக்கப்பட்டு வந்த இடத்திலும் அதே சின்னம்தான் என்பதில் எனக்கு அந்தக் காலத்தில் பெருமைகூட உண்டு. அதனால் நேரே கட்சி ஆபீசுக்குப் போனேன். வார்டு செயலாளர் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, உச்சுக்கொட்டினார். "அவனுவ எப்பவும் இப்படித்தாம்மா. நான் மேலிடத்துல சொல்லுதேன்" என்றார். அந்தத் தேர்தலில் எங்கள் கட்சி ஜெயித்தது. என் புகார் கிணற்றில் போட்ட கல்தான். மறுபடி போனேன், மறுபடி டீ வந்தது. மூன்றாம் முறை டீயும் வரவில்லை.

கப்பலில் இருந்த என் வீட்டுக்காரர் போனில் சிரித்தார். "ஏளா, ஒரு ஓட்டுக்கா இந்தக் கூத்து? நான் கடல்ல கெடக்கேன், என் ஓட்டை எத்தனை வருஷமா எவன் போடுதானோ!" எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாள் கழித்து, எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்தாள். எங்கள் கட்சியின் மகளிரணியில் இருப்பவள். அவளைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி அளவெடுத்துக்கொண்டே, வழக்கம்போல எதிர்க்கட்சிக்காரர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அவங்களைத் திட்டாதீய அக்கா. ஒங்க ஓட்டை நான்தான் போட்டேன். நீங்க நாசரேத்துல இருக்கீய, வர மாட்டீயன்னு ஒங்க கொழுந்தன்தான் சொன்னாரு. நம்ம சின்னத்துக்குத்தான் போட்டேன், பயப்படாதீய!"

எனக்கு நன்மை செய்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் வழிந்தது. டேப்பைச் சுருட்டிவிட்டு, நாளைக்கு வா என்று அனுப்பினேன்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேய்ந்துவிட்டு, எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அன்று சாயங்காலமே கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் மறுக்கவே இல்லை.

"ஊர்ல இல்லாதவங்க ஓட்டு வீணாப் போகலாமா மதினி? எங்காளுக ஓட்டை நாங்க போடுவோம், அவனுவ கண்டுக்க மாட்டானுவ. அவனுவ ஆளுக ஓட்டை அவனுவ போடுவானுவ, நாங்க கண்டுக்க மாட்டோம். நீங்க வந்திருந்தாலும் இதே சின்னத்துக்குத்தான போட்டிருப்பீய? பெறகென்ன?"

அவன் சொன்னதில் என்னை ரொம்பச் சுட்டது கடைசிக் கேள்விதான். உண்மைதான், அதே சின்னத்துக்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் போட்டிருக்க வேண்டியவள் நானல்லவா! அதை அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? இனி ஓட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பல நாள் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒருநாள் ஒரு ஜாக்கெட்டுக்குக் காஜா தைத்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. நான் போகாவிட்டால் அவர்களுக்குத்தானே இன்னும் வசதி.

அடுத்து வந்த இந்தத் தேர்தலன்று வாக்குச்சாவடி வாசல் திறப்பதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றேன். ராத்திரியெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. முதல் ஆளாக நிற்பவளின் ஓட்டை யாரும் எனக்கு முன்னால் போட்டிருக்க முடியாது என்று தெரிந்தும், அடையாள அட்டையை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். உள்ளே அதே பெஞ்சு, அதே கொழுந்தன். அதிகாரி என் பெயரைச் சத்தமாக வாசித்தார். ஏஜென்ட்டுகள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான்தான் அது. நல்லாப் பாத்துக்கிடுங்க. என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு. அவர் பேரைச் சொல்லிட்டு எவனாவது வந்தா, அது அவரில்ல."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். விரலில் மை வைத்தார்கள். அந்த ஈரம் பட்டதும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

மறைப்புக்குப் பின்னால் போய் நின்றால், கை நகரவில்லை. இத்தனை வருடமும் யோசிக்காமல் ஒரே பொத்தானுக்குப் போன கை. அன்றைக்குத்தான் எல்லாப் பெயர்களையும் மேலிருந்து கீழே படித்தேன். "என்னம்மா, ஆச்சா?" என்றார் அதிகாரி. ஆகிறது, ஆகிறது என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குள் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்தது. மெஷின் நீளமாகக் கத்தியது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு அடுத்தாளுக்குக் கேட்டிருக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தன் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டுக் கொழுந்தன் பின்னாலேயே ஓடி வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, நம்ம சின்னத்துக்குத்தான போட்டீய?"

"ஏன் தம்பி, இந்தத் தடவை ஒங்களுக்குத் தெரியலையா?"