எலுமிச்சம்பழச் சட்டம்

எங்கள் மனையில் மனிதர்களுக்கு முன்னால் வண்டிகளுக்குத்தான் கூரை போடப்பட்டது. என் கணவர் பாய்லர் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகி, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எடமலைப்பட்டி புதூரில் வாங்கிப்போட்ட மனையில் வீட்டுக்கு அஸ்திவாரம்கூட முடியவில்லை. ஆனால் தெருவைப் பார்த்தாற்போல், சவுக்குக் கம்பு நட்டு, மேலே கீற்று வேய்ந்து ஒரு கொட்டகை எழும்பிவிட்டது. அதற்குள் அவருடைய ஜீப், ஸ்கூட்டர், ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். மூன்றுக்கும் எங்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம்.

"வண்டி வெயில்ல நிக்கக் கூடாதும்மா, பெயின்ட் போயிடும்" என்றார்.

"நான் நின்னா பரவாயில்லையா?"

"நீ நெழலைத் தேடிப் போயிடுவே. அதுக்குப் போகத் தெரியாதே."

இப்படிப் பதில் சொல்கிற ஆளிடம் எத்தனை நேரம் கோபமாக இருக்க முடியும்?

அடுத்த கோடைக்குள் கம்புகளின் அடியைக் கரையான் தின்றுவிட்டது. இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போடலாம் என்று முடிவாயிற்று. அவரோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன நண்பர்கள் வெல்டிங் மெஷினோடு வந்து இறங்கினார்கள். ஆயுள் முழுக்க பாய்லர் குழாய் ஒட்டிய கைகள். ஒவ்வொரு ஒட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், திருப்தி இல்லாவிட்டால் அறுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினார்கள்.

"நாலு குழாய ஒட்ட இத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ஜாயின்ட் லீக் ஆகக் கூடாது பாருங்க அண்ணி."

"கொட்டகைக்குள்ள என்ன நீராவியா ஓடப்போவுது, லீக் ஆவறதுக்கு?"

சிரித்தார்கள். ஆனால் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. என் டிகாக்‌ஷன்தான் தீர்ந்துகொண்டே இருந்தது.

மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே புகுந்தது. தரையை உயர்த்தி கான்கிரீட் போட்டார்கள். என் சமையல் மேடைக்கென்று வந்திறங்கிய சிமென்ட் கொட்டகைத் தரைக்குப் போன அன்றுதான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எல்லா வண்டியும் தன் இன்ஜினிலேயே கொட்டகையை விட்டு வெளியே வந்து, தெருவில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்க வேண்டும். ஏறாத வண்டியை விற்றுவிட வேண்டும். பழசு என்றாவது படுத்துவிடும், ஒவ்வொன்றாக இடம் காலியாகும், அங்கே துணி காயப்போடலாம் என்பது என் கணக்கு. அவரோ தன் வண்டிகளின் மேல் வைத்த நம்பிக்கையில் உடனே தலையாட்டிவிட்டார்.

முதல் வருடம் எல்லாம் ஏறின. அடுத்த வருடம் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை. சட்டை நனையும்வரை உதைத்துப் பார்த்தார். "விடுங்க அண்ணி, சின்ன அடைப்புதான், நாளைக்கு ஓடிடும்" என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். சட்டம் என்றால் சட்டம் என்று நின்றேன். நன்றாக வைத்துக்கொள்வார் என்று அவருக்குத் தோன்றிய ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டார். போவதற்கு முன் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

அந்த இடம் துணி காயப்போட எனக்குக் கிடைக்கவில்லை. என் அப்பா இறந்துபோனார்.

அப்பா ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டியவர். சொந்த வேன். புத்தகப் பைகளை வைக்க அதன் தலையில் இரும்புக் கேரியர் ஒன்றைத் தானே மாட்டியிருந்தார். எந்தப் பிள்ளை வரத் தாமதமானாலும் அந்த வீட்டு வாசலிலேயே நிற்பார். பாதிப் பின்னிய சடையோடு ஒன்று ஓடிவரும். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். ஆமாம் என்று பதில் வந்தால்தான் கிளப்புவார். "ஒரு புள்ள கொறஞ்சாலும் வண்டி நகராது" என்பது அவர் வாய்ப்பாடு. அந்த ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட விடமாட்டார். லைசென்ஸ் எடுத்து நான் ஜீப் ஓட்ட ஆரம்பித்த பிறகும்கூட, "மாப்பிள்ளை ஜீப்பை ஓட்டு" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய வாடகை வீட்டைக் காலி செய்தபோது வேனை நிறுத்த இடம் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. என் கணவரே ஜீப்பில் கயிறு கட்டி, காவேரிப் பாலத்தின் வழியாக இழுத்து வந்து, மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் நிறுத்தினார். சில நாளிலேயே டயரில் காற்று இறங்கி, ஸ்பிரிங்குகள் தளர்ந்து, கிழட்டு மாடு மாதிரி படுத்துக் கிடந்தது.

ஜீப் சீட்டில் தெரு நாய்கள் குடும்பம் நடத்த ஆரம்பித்ததால் அந்த வருடம் கொட்டகைக்குச் சுவரும் ஷட்டரும் வந்தன. தரை ஏற்கெனவே உயர்ந்துவிட்டது. ஷட்டர் சுருளும் பெட்டியோ உத்தரத்துக்குக் கீழே தொங்கும். அதனால் உயரம் இடிக்குமா என்று நண்பர்கள் டேப் வைத்து, ரசமட்டம் வைத்து, மாற்றி மாற்றி அளந்தார்கள். "கேரியருக்கு மேல ஒரு விரக்கடை இடம் இருக்கு அண்ணி. அச்சு அசல் கணக்கு!"

தில்லை நகரில் ரெஸ்டாரன்ட் வைத்திருக்கும் ஒருவர் வேனைப் பார்த்துவிட்டுப் போனார். இன்ஜினைக் கழற்றிவிட்டு, வாசலில் ஜூஸ் கடையாக நிறுத்தப்போகிறாராம். என் சட்டம் தெருவுக்கே தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. "ஆயுத பூஜை முடிஞ்சு வரேங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது.

கணவர் அந்தக் கோடை முழுவதையும் வேனுக்கு அடியில்தான் கழித்தார். ஒருநாள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. என் சின்ன வயதுக் காலைகளெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் விடிந்தன. மிக்ஸியை நிறுத்திவிட்டு அழுதேன். பூஜைக்கு முதல்நாள் புது ஸ்பிரிங், புது டயர் எல்லாம் மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் காபி கேட்டார்.

பூஜையன்று ஸ்கூட்டர் வந்தது, பழத்தில் ஏறியது. ஜீப்பும் அப்படியே. வேனை அவர் ஓட்டி வந்தார். வாசலில் 'டங்' என்று ஒரு சத்தம். கேரியர் ஷட்டர் பெட்டியில் முட்டி நின்றுவிட்டது.

நண்பர்கள் டேப்பை எடுத்தார்கள். பிறகு ஒருவர் மெல்லச் சொன்னார்: "நாம அளந்தப்ப டயர்ல காத்து இல்ல."

"ஸ்பிரிங்கும் படுத்துல்ல கெடந்துச்சு" என்றார் இன்னொருவர்.

வேறு வண்டியாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வேன் ஓட வேண்டும் என்று என் கணவர் பார்த்த வேலைதான் அதை உயர்த்திவிட்டிருந்தது.

"கேரியர அறுத்துட்டா போச்சு, மெஷின் எடுத்தாறேன்" என்றார் ஒரு நண்பர்.

"அதுல கை வெச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன். அவர் பின்வாங்கிவிட்டார்.

"ஷட்டரக் கழட்ட ரெண்டு நாள் ஆவும்மா" என்றார் கணவர். "சட்டத்த இந்த ஒரு தடவ தள்ளி வெப்போமே."

"உங்க பைக்குக்குத் தள்ளி வெச்சேனா?"

"அது பைக்கு. இது உங்கப்பா."

அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

டயரில் ஓடுகிற அளவுக்கு விட்டுவிட்டு மீதிக் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். அப்போதும் முட்டியது. அப்பாவின் வேன் பிள்ளைகள் நிறைந்ததும் எப்படித் தாழ்ந்து போகும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எல்லாரும் ஏறுங்க!" என்று கத்தினேன்.

நண்பர்கள் ஏறினார்கள். பட்டுப்புடவையில் வந்திருந்த அவர்கள் வீட்டம்மாக்கள் பொரித் தட்டோடு ஏறினார்கள். எதிர்வீட்டு ஸ்கூல் டீச்சர், அவர் கணவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஏறினார்கள். சின்னப் பிள்ளைகளின் சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். "என் வெயிட்டக் கொறைக்கச் சொல்லி இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று ஒரு அம்மாள் தன் கணவரிடம் சொல்ல, வண்டியே குலுங்கியது. வெளியே நின்று உயரம் பார்க்க என் கணவர் வேண்டும். ஆகவே ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். சீட்டை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவும் என் உயரம்தான் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை.

மெல்ல நகர்த்தினேன். "நிறுத்து, நிறுத்து! இன்னும் ஒரு நூல் இடிக்குது. ஒரே ஒரு ஆள் வேணும்" என்றார் கணவர்.

தெருவில் வேறு யாரும் மிச்சமில்லை.

"நீங்க ஏறுங்க" என்றேன்.

"நானும் ஏறிட்டா மேல யாரு பாக்கறது?"

"நீங்கள்லாம் பாத்து அளந்த லட்சணம் தெரியுது. ஏறுங்க!"

கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தலைக்கு மேலே அப்பாவின் கண்ணாடி இன்னும் பிள்ளைகளைப் பார்க்கும்படியே சாய்ந்திருந்தது. அதில் என் கணவரின் முகம் தெரிந்தது, நெற்றியில் கிரீஸும் சந்தனமும்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு!" என்றது வண்டி முழுக்க.

கிளட்ச்சை விட்டேன். தலைக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லை. முன்கண்ணாடியில் வெயில் அடித்தது. முன்சக்கரங்களின் அடியில் பழங்கள் நசுங்கின, பிறகு பின்சக்கரங்களின் அடியில். ஒருவரும் இறங்கவில்லை. வழியில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வரை போய்விட்டு வந்தோம். மறுபடி காற்றை இறக்கிக் கொட்டகைக்குள் விடும்போதும் எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் டேப்போடு கிளம்பினார். "நாளைக்கே அந்த ஷட்டரத் தூக்கி மாட்டிடறேம்மா."

"வேணாங்க" என்றேன். "அது அங்கயே இருக்கட்டும். வண்டி நெறஞ்சாத்தான் வெளில வரணும்."