ஆனந்தராஜா அண்ணையின் கரிநாக்கு

என் காரை யாராவது புகழ்ந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனந்தராஜா அண்ணை புகழ்ந்தால் மட்டும் பயம். "பழைய கார் எண்டாலும் என்ன மாதிரி ஓடுது!" என்று அவர் சொன்ன மறுநாள் காலை அது ஸ்ராட் ஆகவே இல்லை. டென்மார்க்கில் எங்கள் ஊரான பிராண்டேயின் பனியில் இரண்டு பேரும் காற்றாலைத் தொழிற்சாலைக்கு நடந்து போனோம். வழி முழுக்க அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அண்ணைக்குக் கரிநாக்கு. இதை நான் கட்டிவிடவில்லை, அவரே சொல்லுவார். ரோஜாச் செடி, பக்கத்து வீட்டுப் புதுச் சலவை இயந்திரம், மேலாளரின் முழங்கால் எல்லாம் அவர் வாயால் போனவை என்பது அவருடைய கணக்கு. ஒருமுறை அவர் மனைவி மனோரஞ்சிதம் அக்கா நாவூறு கழிக்கச் காய்ந்த செத்தல் மிளகாயை அடுப்பில் போட, புகை மணி அலறி, அடுக்குமாடிச் சனம் முழுக்க வெளியே ஓடி வந்தது.

அதனால் தன் ஒரே மகள் தனுசியாவை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தபோது "ம்" என்றார். தாதி வேலை கிடைத்தபோது "ம்ம்" என்றார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க "ம்" மட்டும் கேட்ட பிள்ளைக்கு அந்தப் பயத்துக்குள் இருக்கிற அன்பு எப்படித் தெரியும்? இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும்.

தனுசியா சொஃப்ட்பால் விளையாடுகிறாள். பேஸ்பாலுக்குத் தங்கச்சி முறையான விளையாட்டு. அணியில் பந்தெறிவது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அப்பா வர வேண்டும், வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"நான் வாயைத் திறந்தால் நீ துலைஞ்சாய், பிள்ளை" என்று அவர் மறுத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் அண்ணை வீட்டில் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். தனுசியா தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில் ஓர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைப் போட்டாள். தொழில்முறை அணிகள், அறுபது வருடப் பழசு.

"இது நீங்கள் பிறக்க முதலே முடிந்த ஆட்டம். ஆசை தீரப் புகழுங்கள், ஒன்றும் ஆகாது" என்றாள், வழக்கம்போல டேனிஷில்.

ஆட்டமா அது! இரண்டாவது சுற்றில் ஒரு பக்கத்துக்கு எப்படியோ ஓர் ஓட்டம் வந்தது. பிறகு யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. அண்ணையோ கதிரை நுனிக்கே வந்துவிட்டார். முன்னுக்கு நிற்கிற அணியின் நெட்டைப் பொடியன் எறிந்த பந்துகளை எதிரணி ஒருமுறைகூட உருப்படியாக அடிக்கவில்லை. எட்டாவது சுற்றில், இத்தனை வருடமும் அடக்கி வைத்த புகழ்ச்சி அண்ணையை மீறி வெளியே வந்தது.

"அப்பாடா, என்ன எறி! இந்தப் பொடியன்ரை பந்தை ஒருத்தராலயும் அடிக்கேலாது!"

அடுத்த பந்து. டொக்! எல்லோர் தலைக்கும் மேலால் பறந்து புல்லில் விழுந்தது.

அண்ணை வாயைப் பொத்திக்கொண்டார். "பாத்தியளோ? அறுபது வருசம் பின்னுக்குப் போயும் என்ரை நாக்கு அடிக்குது!"

தனுசியா சிரிக்கவில்லை. "அப்பா, இதை நான் பன்னிரண்டாவது தரம் பார்க்கிறேன். நீங்கள் இல்லாத பதினொரு தரமும் எதிரணிக்காரன் இதே பந்தைத்தான் அடித்தான். ஆனாலும் உங்கள் நெட்டையன்தான் வென்றான், ஒன்றுக்குப் பூச்சியம்."

அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசிவரை பார்த்தார். நெட்டையன் வென்றான்.

ஞாயிறு காலை என் காரில் ஏறினார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கு நன்றி.

கடைசிச் சுற்றுவரை இரண்டு பக்கமும் பூச்சியம். அண்ணை கம்பி வேலியைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, திடலே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"என்ரை பிள்ளை எறியிற பந்தை ஒருத்தராலயும் தொடேலாது!"

எதிரணிக்காரி அடித்த அடுத்த பந்து வேலியைத் தாண்டிப் போய் என் காருக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒன்றுக்குப் பூச்சியம். கோப்பை போய்விட்டது.

"காரை எடுங்கோ தம்பி" என்று அண்ணை திரும்பிவிட்டார். கண் கலங்கியிருந்தது. தனுசியா நேரே வேலிக்கு ஓடி வந்தாள், முகமெல்லாம் புழுதி. ஏசப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கம்பிக்குள்ளால் கையை விட்டு அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, தமிழில் கேட்டாள்:

"அப்பா, அதை இன்னொருக்கா சொல்லுங்கோ."