முத்திரை போன கத்தி

மட்டாஞ்சேரி மிளகுக் குடோனில் நான் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே எடை போடுகிறவர் அவர். மார்பு வரை தாடி. வீட்டிலோ தகரப் பெட்டி நிறையப் பழைய சவரக் கத்திகள். எழுபதுகளில் சலூன்காரர்கள் பிளேடுக்கு மாறி, மடக்குக் கத்திகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பள்ளுருத்தி, வைப்பின் என்று ஊர் ஊராக அலைந்து அவற்றைக் கேட்டு வாங்கி வருவார்.

"முதல்ல உங்க தாடிய எடுங்க சேட்டா" என்று கேலி செய்தால், "கத்தி வச்சிருக்கறவன் சிரைக்கணும்னு சட்டம் இருக்கோ? போய் வேலையப் பாரு" என்பார்.

கத்தி கிடைத்தால் கூர் பார்க்க மாட்டார். கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, அலகின் அடிப்பக்கத்தைத் துடைத்து, செய்தவன் குத்திய முத்திரையைத் தேடுவார். ஜெர்மன்காரனோ, உள்ளூர்க் கொல்லனோ, விசாரித்துத் தெரிந்ததைச் சீட்டில் எழுதிக் கத்தியோடு சுற்றி வைப்பார்.

அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, என் மாமனாரின் கத்தியை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுபோனேன். அவர் விரல் அடிப்பக்கத்தைத் தடவித் தடவி நின்றது.

"எந்தாடா செஞ்சு வச்சிருக்க? ஒருத்தன் ஆயுசு பூரா இரும்படிச்சதுக்கு மிச்சம் இந்த முத்திரை ஒண்ணுதான். அதையும் தேச்சுட்டியே!"

"பளபளப்பா இருக்கட்டும்னு..."

திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். தரவில்லை. என் எதிரிலேயே சீட்டு எழுதினார்: 'செய்தவர் தெரியவில்லை. அழித்தவர்' என்று போட்டு, என் பெயர், அப்பா பெயர், தெரு. கிழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கத்தி இருக்கற வரைக்கும் இதுவும் இருக்கும்" என்று பெட்டியைப் பூட்டினார்.

அவரை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சீட்டில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.